வராதவர்களை எண்ணினீர்களா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) ஆண்டுத் திருவிழா என்றால் தெரு கொள்ளாத கூட்டம். கொடி இறங்கியதும் கோயில் வெறிச்சோடிவிடுகிறது. அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியம், வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, பங்குப் பேரவை எல்லாவற்றுக்கும் வருவது அதே முப்பது பேர். சில வருடங்களுக்கு ஒரு முறை பங்குத்தந்தை மாறுகிறார், அவரோடு திட்டங்களும் மாறுகின்றன. பேரவைக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. உயிரோட்டமும் மறைப்பணி ஆர்வமும் உள்ள பங்காக நாங்கள் மாற என்ன வழி? பெரிய திரை வைத்து மூன்று நாள் நற்செய்திப் பெருவிழா நடத்தலாமா?
– பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், கடலூர் முதுநகர்

பதில்: பெருவிழா இப்போது வேண்டாம். மூன்று நாளும் நாற்காலி போடுவது, சாப்பாடு பரிமாறுவது, மைக் செட்காரரைத் தேடி ஓடுவது எல்லாம் அந்த முப்பது பேர்தான். களைத்துப்போய் வீடு திரும்புவார்கள். யாருக்காக நடத்தினீர்களோ அவர்கள் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருகிறவர்களைச் சரியாக எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். வராதவர்கள் யார் யார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

முதுநகரில் விடியற்காலை படகு கரை சேரும் நேரம்தான் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்குப் பிழைப்பு நேரம். முதல் பூசை அப்போது நடந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்த பையன் காலை எட்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பான். வேற்று மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒதுங்கிக்கொண்ட பெண் இருப்பாள். கோயில் வரி பாக்கி என்று நாலு பேர் முன்னால் கேட்டதால் கூசிப்போய் வருவதை நிறுத்திய குடும்பம் இருக்கும். இவர்களுக்கு விசுவாசம் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். திருவிழாவுக்கு வந்து நிற்கிறார்களே! மற்ற நாட்களில் அவர்களைத் தேடி யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். சரி, 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 536-ஆம் எண்ணில் பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே தருகிறது. அடுத்த எண்ணிலேயே ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. அது ஒழுங்காகக் கூடுகிறதா, கணக்கு மக்களுக்குச் சொல்லப்படுகிறதா என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டியைப் போய்ப் பார்க்க உங்களுக்கு எந்த அதிகாரம் தேவைப்படுகிறது?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தது. அந்த வாரம் நான் கடலூரில் இருந்தேன். கரண்ட் இல்லை, குடிதண்ணீருக்கு அலைச்சல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு பங்கில் அன்பியத்துப் பெண்கள் கோயில் வளாகத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சித் தெருத் தெருவாக எடுத்துப்போனார்கள். எந்த வீட்டில் மாதா படம், எந்த வீட்டில் பிள்ளையார் படம் என்று பார்க்கவில்லை. எங்கே கைக்குழந்தை இருக்கிறது, எங்கே நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் கேட்கிற பங்கை நான் அங்கேதான் பார்த்தேன்.

கரண்ட் வந்தது. சில மாதங்களில் அதே அன்பியம் மாதம் ஒரு முறை செபமாலை சொல்லி, காபி குடித்துக் கலைவதாகச் சுருங்கிவிட்டது. செபமாலையைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் தினமும் சொல்கிறேன். அது முடிந்ததும் 'இந்த வாரம் நம் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம்?' என்று ஒருவர் கேட்க வேண்டும், இரண்டு பேர் எழுந்து போக வேண்டும். திருச்சபை தன் இயல்பிலேயே மறைபரப்புத் தன்மை கொண்டது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. ஆள் சேர்ப்பதை நான் இதற்குப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சிப் பானையோடு போனார்களே, அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, சொல்லக் கசப்பானது. 1745-இல் புதுச்சேரி சம்பா கோயில் என்னும் தேவாலயத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் நின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். நாங்கள் உங்கள் சீடர்கள்தான் என்றால் ஏன் இந்தப் பேதம் என்று அந்த மக்கள் குருவிடம் போய் நேரே கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. 260 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், 2008-இல் எறையூரில் சாதி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மோதிக்கொண்ட இரு தரப்பும் நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர்கள். உங்கள் கோயிலுக்குள் செங்கல் சுவர் இருக்காது. ஆனால் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை? அந்த முப்பது பேரும் எந்தெந்தத் தெருக்காரர்கள்? பேரவையில் இதைப் பேசினால் சண்டை வரும் என்று தள்ளிப்போடாதீர்கள். இதைத் தொடாமல் நீங்கள் கட்டுகிற எதுவும் நிற்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே, ஒரு நோட்டு வாங்குங்கள். பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு முப்பது பேரும் இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஆளுக்குத் தெரிந்த வீட்டுக்கே போகாமல், ஒவ்வொரு ஜோடியும் இதுவரை மிதிக்காத பத்து வீட்டு வாசலை மிதிக்கட்டும். பதினைந்து ஜோடிக்கு நூற்றைம்பது வீடு. ரசீதுப் புத்தகம் கையில் இருக்கக் கூடாது. கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைக்கவும் வேண்டாம். உட்கார்ந்து, கொடுக்கிற தண்ணீரைக் குடித்து, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பூசை எத்தனை மணிக்கு இருந்தால் வரத் தோதாக இருக்கும் என்று மட்டும் நீங்கள் கேட்கலாம். பெயர், தெரு, வேலை நேரம் இவற்றை நோட்டில் எழுதுங்கள். வீட்டுக் கஷ்டங்களை எழுத வேண்டாம், அவை உங்கள் மனதில் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்குப் பிறகு அதே வீடுகளுக்கு மறுபடி போங்கள். பங்குத்தந்தை மாறினால், புதியவர் வந்து இறங்கும் அன்றே, சால்வை போர்த்துவதற்கு முன்னால் அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.