முதல் ரயில் நிலையம் எது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ராயபுரம் ரயில் நிலையம் பற்றி ப்ராஜெக்ட் எழுதச் சொன்னார்கள். கூகுளில் முதலில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு போய், மிஸ்ஸிடம் திட்டு வாங்கி வந்துவிட்டாள். 'நெட்ல அப்படித்தான்மா இருக்கு' என்று ஒரே அழுகை. நான் என்ன சொல்லித்தருவது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அழுததில் நியாயம் இருக்கிறது. நெட்டில் அப்படித்தான் இருக்கும். 'முதல் ரயில் நிலையம்' என்று அடித்தால் 1853இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடிய ரயில் வந்து நிற்கும். ராயபுரம் 1856. தென்னிந்தியாவுக்குத்தான் அது முதல் நிலையம். இன்றும் இயங்கும் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழையது என்பது வேறு பெருமை. இதற்கெல்லாம் முன்பே, 1837 வாக்கில், நம் செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்ல ஒரு ரயில் பாதை இருந்தது!

பிள்ளைகள் மிஸ்ஸிடம் கேட்கிற மாதிரியே கூகுளிடமும் கேட்கிறார்கள். பதில் எழுதி வைத்திருப்பவர் என்ன சொற்களைப் போட்டிருப்பார் என்று யோசிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஆவணத்தில் 'சென்னை' இருக்காது, 'மெட்ராஸ்' இருக்கும். ராயபுரம் பாதையைப் போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அந்தப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் ராயபுரம், வாலாஜா ரோடு, 1856 என்று சேர்த்தால் வருவதே வேறு. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் போனது ஆற்காடு பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு நிலையம் வரைக்கும்தான். தமிழில் தேடினால் 'ராயபுரம்', 'இராயபுரம்' இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அரசுத் தளங்கள் மட்டும் போதும் என்றால், கடைசியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'ஜிஓவி டாட் இன்'. அவ்வளவுதான்.

உச்சியில் ஏஐ தருகிற சுருக்கத்தை நான் முகவுரையாகத்தான் படிப்பேன். கீழே இறங்கி இரண்டு மூன்று பக்கங்களையாவது திறக்க வேண்டும். திறந்தால் ஒரு வேடிக்கை தெரியும்: திறப்பு நாள் ஓரிடத்தில் ஜூன் 28, இன்னோரிடத்தில் ஜூலை 1 என்று இருக்கும். ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுத வேண்டாம். இரண்டையும் போட்டு, எது எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று குறிக்கட்டும். திட்டிய மிஸ்ஸே அங்கே ஒரு டிக் கூடுதலாகப் போடுவார்.

அப்புறம், படத்தையும் நெட்டில் எடுக்கத்தான் வேண்டுமா? தண்டையார்பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம்! ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அந்தப் பெரிய தூண்களை அவளே போட்டோ எடுக்கட்டும்.