பெட்டியைப் பூட்டி வைக்கலாமா, இப்போதே பற்ற வைக்கலாமா?

கேள்வி: எனக்கு இரண்டு சுருட்டுப் பெட்டிகள் பரிசாக வந்தன. ஒன்று துபாயிலிருந்து வந்த மைத்துனர் தந்த கியூபா சுருட்டு, பர்த்தகாஸ் சீரீ டி நம்பர் 4, இருபத்தைந்து உள்ள பெட்டி. இன்னொன்று அமெரிக்காவில் இருக்கும் நண்பர் கொடுத்த நிகராகுவா சுருட்டு, பத்ரோன் 1964. பர்த்தகாஸை வந்த அன்றே ஒன்று பற்ற வைத்தேன். தொண்டையில் காரம், மூக்கில் அமோனியா மாதிரி ஒரு நெடி. பத்ரோன் நன்றாகவே இருந்தது. "இரண்டையும் ஐந்து வருஷம் தொடாதே, ருசி கூடும், நிக்கோட்டினும் இறங்கிவிடும்" என்கிறார் ஒரு நண்பர். வீடு சென்னையில். இரவில் மட்டும் ஏசி ஓடும். என்ன செய்யலாம்?

பதில்: பத்ரோனைக் காத்திருக்காமல் பிடிக்கலாம். பர்த்தகாஸை இன்னும் ஒரு மாதம் சும்மா விடுங்கள், அப்புறம் பெட்டியின் தேதியைப் பார்த்து முடிவு செய்யலாம். ஐந்து வருஷக் கணக்கை, இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் வசதியோடு, நான் ஒப்ப மாட்டேன்.

உங்கள் நண்பர் இரண்டு தனித்தனி விஷயங்களைக் கலந்து பேசுகிறார். சுருட்டுக்கு ஓய்வு கொடுப்பது ஒன்று. அதைப் பழக விடுவது இன்னொன்று. ஓய்வு என்பது சில வாரச் சமாச்சாரம். விமானப் பயணம், கடையின் குளிர், சூட்கேஸின் சூடு என்று அலைந்து வந்த சுருட்டில் ஈரம் ஒரே சீராக இருக்காது. வெளி இலை காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் தங்கியிருக்கும், அல்லது நேர்மாறாக இருக்கும். மூன்று நான்கு வாரம் நிலையான ஈரப்பதத்தில் கிடந்தால் சரியாகிவிடும். வந்த அன்றே பற்ற வைத்தால் எந்த நல்ல சுருட்டும் முரடாகத்தான் தெரியும். பழக விடுவது வருஷக்கணக்கில் நடப்பது. பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் வேண்டியது ஓய்வுதான்.

அமோனியா நெடிக்கு வருவோம். அறுத்து உலர்த்திய புகையிலையைப் பெரிய அம்பாரமாகக் குவித்துப் புளிக்க விடுவார்கள். உள்ளே சூடு 40 டிகிரியைத் தொடும்போது அம்பாரத்தைப் பிரித்து, மேலே இருந்ததைக் கீழே போட்டு மறுபடி அடுக்குவார்கள். அப்போது இலையில் இருக்கும் புரதமும் மற்ற நைட்ரஜன் சேர்மங்களும் சிதைந்து அமோனியாவாக வெளியேறும். பிறகு இலை மூட்டைகளில் கிடந்து வயதாகும். ஆனால் சுருட்டு உருட்டும் நாளில் இலை ஒடியாமல் இருக்க மறுபடி ஈரமாக்க வேண்டும். அந்த ஈரம் அடங்கிப்போன புளிப்பைக் கொஞ்சம் எழுப்பிவிடும். உருட்டிய பிறகு சில மாதங்கள் சுருட்டு ஒருவித நோய்க்காலத்தில் இருக்கும் என்று பழைய கைகள் சொல்வது இதைத்தான். உருட்டிய கையோடு பிடி, இல்லையென்றால் ஒரு வருஷம் விடு என்பது அவர்கள் கணக்கு. புது அரிசிச் சோறு குழைவது போல, அது சரக்கின் குறை இல்லை, வயதின் குறை.

இந்தச் சிக்கல் கியூபா சுருட்டில் அதிகம் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே உருட்டிய சுருட்டு கிடங்கு அறையில் கொஞ்ச காலம் கிடந்து, பெட்டிக்குள் போய், சில மாதங்களிலேயே கப்பலோ விமானமோ ஏறிவிடுவதுண்டு. கேட்பவர் அதிகம், சரக்கு குறைவு. 2022 செப்டம்பரில் இயான் சூறாவளி பினார் தெல் ரியோ மாகாணத்தில் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. கியூபாவின் சிறந்த புகையிலை விளைவது அங்கேதான். தட்டுப்பாடு அதன் பிறகு இன்னும் இறுகியது. இந்த நிலையில் கடைக்காரர் உங்களுக்காகச் சரக்கைப் பழக வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது.

அதனால் முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் தொழிற்சாலைக்கான மூன்று எழுத்துக் குறியும், பக்கத்தில் மாதமும் வருஷமும் முத்திரையாக இருக்கும். மாதம் ஸ்பானிய மொழியில், முதல் மூன்று எழுத்து மட்டும். ஜனவரி என்றால் எனே, ஆகஸ்ட் என்றால் அகோ, டிசம்பர் என்றால் திக். அது பெட்டியில் அடைத்த தேதி. அந்தத் தேதிக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை என்றால் உங்கள் மூக்கு சொன்னது சரி, பொறுங்கள். இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தால் பயணக் களைப்புதான், ஒரு மாத ஓய்வு போதும். (பெட்டிக்குக் கண்ணாடி மூடி இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை, அது போலி. பர்த்தகாஸ் டி 4 அதிகம் போலி செய்யப்படும் சுருட்டுகளில் ஒன்று. முத்திரைச் சீட்டின் எண்ணை, கியூபா சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.)

டி 4 பழக விடத் தகுந்த சுருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பர்த்தகாஸ், பொலிவார், ராமோன் அலோனெஸ் மாதிரி அழுத்தமான கியூபாக் கலவைகளில் கரைந்துபோவதற்குச் சரக்கு இருக்கிறது. அமோனியா முழுதாகப் போகும், துவர்ப்பு தணியும், உள்ளிலைகளின் எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கும். மூன்று வருஷம் ஆன டி 4, ஆறு மாத டி 4 இரண்டையும் அடுத்தடுத்து பிடித்தால் ஒரே பெயர் போட்ட இரண்டு சுருட்டு போல இருக்கும். ஆனால் வயது எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போகாது. மணம் தரும் எண்ணெய்களும் மெல்ல ஆவியாகின்றன. ஓயோ தெ மொந்தெரே மாதிரி மென்மையான கியூபா சுருட்டையோ, வெளிர்நிற கனெக்டிகட் மேலிலை (வெளியே சுற்றும் இலை) போட்ட டொமினிக்கன் சுருட்டையோ பத்து வருஷம் வைத்தால் கடைசியில் மிஞ்சுவது காகிதச் சுவைதான். மட்டமாக உருட்டிய சுருட்டும், இழுப்பே வராத சுருட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

பத்ரோன் கதை வேறு. கியூபாவில் பிறந்த ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் 1964-இல் மயாமியில் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. இன்று சுருட்டு உருட்டுவது நிகராகுவாவின் எஸ்தெலியில். உங்கள் கையில் இருக்கும் 1964 வரிசைக்கு நான்கு வருஷம் பழகிய இலையைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் செய்ய நினைக்கும் காத்திருப்பை அவர்கள் இலையாக இருக்கும்போதே முடித்து, அதற்கான காசையும் வாங்கிவிட்டார்கள். அதற்கு மேல் பூட்டி வைப்பதில் பெரிய லாபம் எதுவும் இல்லை. கியூபாவிலும் ரெசெர்வா என்று போட்ட பெட்டிக்குக் குறைந்தது மூன்று வருஷம், கிரான் ரெசெர்வாவுக்கு ஐந்து வருஷம் பழகிய இலை. அந்தப் பெயர்களைப் பார்த்தால் அவசரமாகப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

சரி, இனி உங்கள் வீடு. முடிவை மாற்றுவது இதுதான்.

நீண்ட நாள் வைக்கச் சுருட்டுக்கு 18 முதல் 21 டிகிரி சூடும், 62 முதல் 65 சதவீத ஈரப்பதமும் வேண்டும். கடைகளில் சொல்லும் 70 சதவீதம் நம் ஊர்ச் சூட்டுக்கு அதிகம், பூஞ்சை பிடிக்கும். இரவில் மட்டும் ஏசி என்றால், பகலில் அறை 32, 33 டிகிரிக்குப் போய் இரவில் 24-க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மேலிலை விரிந்து சுருங்கி வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து புகையிலை வண்டு. 24, 25 டிகிரியைத் தாண்டினால் இலையில் ஒளிந்திருக்கும் முட்டைகள் பொரிய ஆரம்பிக்கும். புழு துளைத்துக்கொண்டே போய் சுருட்டு புல்லாங்குழல் ஆகிவிடும், ஒன்றில் வந்தால் பெட்டி முழுக்கப் பரவும். நம் சமையலறையில் மல்லி, மஞ்சள், வற்றல் மிளகாயில் விழுகிற சின்னப் பழுப்பு வண்டும் இதே இனம்தான். கியூபா பெட்டிகளை அனுப்பும் முன் உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் நம் கோடையில் நான் அதை நம்பி இருக்க மாட்டேன். சுருட்டை ஜிப் பையில் இரட்டையாகக் கட்டி, ஒரு நாள் ஃப்ரிட்ஜ், நான்கு நாள் ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் ஃப்ரிட்ஜ், பிறகு வெளியே. நேராக ஃப்ரீசரில் போட்டாலோ நேராக வெயிலில் எடுத்தாலோ இலை வெடிக்கும். ஃப்ரிட்ஜில் அப்படியே விட்டு வைப்பதும் கூடாது, காய்ந்துபோகும், சாம்பார் வாசம் ஏறும்.

கண்ணைக் கவரும் மர ஹியூமிடார், அதாவது சுருட்டுக்கு ஈரம் காக்கும் பெட்டி, வாங்கச் சொல்ல மாட்டேன். விலை குறைந்தவற்றில் மூடி சரியாகப் பொருந்தாது. காற்றுப் புகாத நல்ல பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் போவெடா பை ஒன்றிரண்டு, ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி. இவ்வளவு போதும். ஸ்பானிஷ் சிடார் பலகைத் துண்டு கிடைத்தால் போடுங்கள், மணம் நன்றாக இருக்கும். (பெயர்தான் சிடார், உண்மையில் அது நம் வேப்ப மரத்தின் குடும்பம்.) ஈரப்பதமானியை நம்பும் முன் சோதித்துவிடுங்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரக்களியாகும் அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து எட்டு மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் நான்கைக் கூட்டிப் படியுங்கள். டப்பா ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும், சூட்டைப் பார்த்துக்கொள்ளாது. அதற்கு 18 டிகிரியில் வைத்த சின்ன ஒயின் கூலர்தான் வழி. அது இல்லாமல் சென்னையில் மே மாதத்தைத் தாண்டி வைக்க நினைப்பது சூதாட்டம்.

எனவே கூலர் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் கோடைக்கு முன் இரண்டு பெட்டியையும் நண்பர்களோடு பகிர்ந்து முடித்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் பர்த்தகாஸை மட்டும் வையுங்கள். அடுத்த மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று எடுத்து, இரண்டு வரி குறித்து வையுங்கள். நெடி போய், முதல் தடவையாக "இது நன்றாக இருக்கிறதே" என்று தோன்றும் நாளில் காத்திருப்பை நிறுத்திவிடலாம். அது ஒன்றரை வருஷத்திலும் வரும், மூன்றிலும் வரும். ஐந்து என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை.

நிக்கோட்டின் இறங்கிவிடும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பழகிய சுருட்டு தொண்டைக்கு மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் எரியும்போது உண்டாகின்றன, இலையின் வயது அதை மாற்றாது. புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்களோ உலர்த்தும்போதும் புளிக்கும்போதுமே இலையில் சேர்ந்துவிடுகின்றன. புகையை உள்ளே இழுக்காதவருக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்து, எத்தனை என்பதை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, பத்ரோனையும் பர்த்தகாஸையும் ஒரே டப்பாவில் போடலாம், பாதகமில்லை. வெனிலா, ரம் வாசனை ஏற்றிய சுருட்டு எதுவும் கூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தால் போதும், இரண்டு வாரத்தில் எல்லாமே அந்த வாசமாகிவிடும்.