பனியில் ஒரு கதிரடிப்பு

கேள்வி: பிழைக்கப் போன தேசத்தில் மண்ணோடு மல்லுக்கட்டியவர்களைப் பற்றி, அதிகம் பேர் பார்க்காத படம் ஒன்று சொல்லுங்களேன்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: 'நார்தர்ன் லைட்ஸ்'. ஜான் ஹான்சனும் ராப் நில்சனும் சேர்ந்து இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், 1978. மறு வருஷம் கான் விழாவில், முதல் படத்துக்குத் தரும் 'கேமரா தோர்' விருதே வாங்கியது. அப்படியும் சினிமாவைக் கரைத்துக் குடித்த என் நண்பர்கள் பலருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை!

கதை நடப்பது 1915வாக்கில், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில். நார்வேயிலிருந்து போய்க் குடியேறிய கோதுமை விவசாயிகள். விளைவிப்பது இவர்கள், தரம் போடுவது கிடங்குக்காரர், விலை வைப்பது மினியாபொலிஸ் நகரத்து வியாபாரி, கடனுக்கு நிலத்தை ஏலம் விடுவது பேங்க். ரே சோரன்சன் என்கிற இளைஞன் 'நான்பார்ட்டிசன் லீக்' என்ற விவசாயிகள் அமைப்புக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்குகிறான். இங்காவோடு அவன் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது.

ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். அறுத்த கதிரை அடிப்பதற்குள் பனி முந்திக்கொள்கிறது. விட்டால் வருஷ உழைப்பு போச்சு. கொட்டுகிற பனியிலேயே கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். கதிர்க்கட்டுகளைக் கவைக்கம்பால் குத்தி உள்ளே தள்ளத் தள்ள, பதரும் பனியும் ஒன்றாகப் பறக்கின்றன. யாரும் வசனம் பேசுவதில்லை. இதுவே நம் படமாக இருந்தால் ஒரு சோகப் பாட்டு வைத்திருப்பார்கள்.

கேள்வி: கட்சிக்கு ஆள் சேர்க்கிற கதையா? அப்போது பிரசாரப் படம்தானே?
– அதே வாசகர்

பதில்: இயக்குநர்கள் யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் ஆள் சேர்ப்பதில் இருக்கும் அலுப்பையும் விடாமல் காட்டுகிறார்கள். குளிரில் அலைவது, மறுக்கிற பக்கத்துப் பண்ணைக்காரரிடம் மறுபடி போய் நிற்பது, வீட்டில் வேலை கிடக்கிறதே என்ற குற்ற உணர்வு. தேர்தல் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

நிஜத்தில் அந்த லீக் 1916 தேர்தலில் ஜெயித்து லின் ஃப்ரேசியரைக் கவர்னராக்கியது. மாநில அரசே நடத்தும் பேங்க் ஆஃப் நார்த் டகோட்டா 1919இல் வந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸில் அரசு மாவு மில் 1922இல். இரண்டும் இன்றும் மாநில அரசு கையில்தான். 1921இல் ஃப்ரேசியரை ஓட்டுப்போட்டே பதவியிலிருந்து இறக்கியதும் அதே ஜனங்கள்தான்!

கேள்வி: படம் மெதுவாகப் போகுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: போகும். இடைவேளை வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாது; இடைவேளையே கிடையாது.