வண்டி கேள்வி - பதில்: ஸ்டாண்டர்ட் போரா, சுத்தமான பிளாக்கா?

கேள்வி: 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி கிங் வைத்திருக்கிறேன். ஆஃப்-ரோடு போட்டிக்காக எஞ்சினை முழுசாகப் பிரித்து, கம்ப்ரஷன் ஏற்றிக் கட்டப் போகிறேன். கைவசம் இரண்டு பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்). ஒன்று குளச்சல் பக்கம் ஆக்கர் கடையில் எடுத்த எஸ்டீம் கார் பிளாக். போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) ஸ்டாண்டர்ட்தான், ஆனால் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மற்றது என் வண்டியின் சொந்த பிளாக். ஏற்கெனவே 0.25 போர் போட்டது, அதாவது துளையை 0.25 மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்தது, தண்ணீர்ப் பாதை சுத்தம். லேத்தில் ஸ்டாண்டர்டை எடுக்கச் சொல்கிறார்கள். எதை எடுக்க?
- வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் வண்டி பிளாக்கையே எடுங்கள். ஸ்டாண்டர்டில் 0.25, 0.50 என இன்னும் இரண்டு போர் மிச்சம் என்பது லேத்தின் கணக்கு. ஓட்டி ஓட்டித் தேய்க்கப் போகிற வண்டிக்கு அது சரி. கம்ப்ரஷன் ஏற்றும் எஞ்சினில் முதலில் அடி வாங்குவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட், அது உட்காரும் இடம்தான் அந்த பிளாக்கில் அரித்துக் கிடக்கிறது.

இரண்டு வண்டியிலும் உள்ள ஜி13 எஞ்சினின் பிளாக் அலுமினியம், சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை (லைனர்). கூலன்ட் ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீரிலேயே ஓடிய வண்டியில் இப்படிப் பூக்கும். கடலோரக் கிணறு என்றால் உப்பு சேர்ந்து, குழி குழியாகத் தின்னும். பூத்ததைச் சுரண்டிவிட்டு ஊசி முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே பொடியாக உதிர்ந்தால் அந்த பிளாக்கை மறந்துவிடலாம். பேஸிங் போட்டு, அதாவது மேல்முகத்தைச் சீவி, குழியை எடுக்கலாமே என்பார்கள். சீவச் சீவ பிஸ்டன் ஹெட்டை நெருங்கும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறையும். லைனருக்குப் பின்னால் தின்றிருப்பது பேஸிங்கில் தெரியவும் தெரியாது.

போர் பெரிதானால் பவர் கூடும் என்ற ஆசையும் வேண்டாம். போர் 74, ஸ்ட்ரோக் 75.5 மில்லிமீட்டருக்கு 1,298 சிசி. 0.50 போட்டாலும் சுமார் 1,316 தான். அந்தப் பதினெட்டு சிசியைக் காலால் உணர முடியாது.

இனி அளவு. போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், கிராங்க் தண்டின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை பாருங்கள். குறுக்கேதான் தேய்மானம் அதிகம் இருக்கும், பிஸ்டன் அந்தப் பக்கம்தான் சாய்ந்து உரசும். தேய்மானம் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டினால் 0.50 போடவேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே போரிங். நான்கையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒரிஜினல் வகை வார்ப்பு பிஸ்டனுக்கு 0.02 முதல் 0.04 இடைவெளி. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதை வார்ப்பு பிஸ்டன் கணக்கில் போட்டால் சீஸ் ஆகும், சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். அதன் பெட்டியில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

மேல்முகத்தில் நேர்விளிம்பு வைத்து, குறுக்கும் மூலைவிட்டமுமாக 0.05 பீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். நுழையக் கூடாது. கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்களை அந்தந்த பிளாக்கோடு சேர்த்துத்தான் தொழிற்சாலையில் குடைந்திருக்கிறார்கள். எஸ்டீம் பிளாக்கின் கேப்பை இதில் மாட்டினால் கிராங்க் சுழலாமல் பிடிக்கும். கேப்பில் உள்ள எண் வரிசைப்படி, அம்புக்குறி புல்லி பக்கம் பார்க்கவேண்டும்.

ஹெட் போல்ட் மாட்டும் முன் ஓட்டைகளில் நிற்கும் எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடி அடைபட்ட ஓட்டையில் எண்ணெய் இருந்தால், போல்ட் இறங்கும்போது அழுத்தம் தாங்காமல் பிளாக்கில் விரிசல் விழும். நல்ல பிளாக்குகள் இப்படி வீணாவது உண்டு.

இன்னொரு லாபம்: எஞ்சின் எண் பிளாக்கில்தான் இருக்கிறது. சொந்த பிளாக் என்றால் ஆர்.சி. புத்தகத்துக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டியதில்லை.

கேள்வி: போரிங் முடிந்த அலுமினிய பிளாக்கை காஸ்டிக் தொட்டியில் போட்டுக் கழுவலாமா?
- வாசகர், தக்கலை

பதில்: கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், அது இரும்பு பிளாக்குக்கான வேலை. சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். பெட்ரோலில் கழுவினால், ஓனிங்கில் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) வந்த பொடி குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே தங்கும், பிஸ்டன் ரிங்கை அதுவே தின்னும். கழுவியதும் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறுவது நிற்கும் வரைக்கும் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். லைனர் இரும்பு என்பதால் உடனே எண்ணெய் பூசிவிடுங்கள், நம் கடற்காற்றில் ஒரு ராத்திரியிலேயே துரு பிடித்துவிடும்.