ஹாலோவீன் அன்று சில வீட்டு வாசலில் மயில்கழுத்து நிறப் பூசணி வைப்பது ஏன்?

அமெரிக்காவில் அக்டோபர் 31 மாலை, குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். வாசலில் வழக்கமான ஆரஞ்சுப் பூசணியோடு மயில்கழுத்து நிறம் பூசிய பூசணி ஒன்றும் இருந்தால், 'இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு' என்று அர்த்தம். நம்மூர் பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அதுபோலத்தான். கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

காரணம் உணவு ஒவ்வாமை. அன்று கிடைக்கும் மிட்டாய்கள் பலவற்றில் வேர்க்கடலையோ பாலோ பாதாமோ இருக்கும். குட்டி மிட்டாய்களின் உறையில் பல நேரம் சேர்மானப் பட்டியலே இருக்காது. மொத்தப் பாக்கெட்டில்தான் அச்சிட்டிருப்பார்கள். போதாக்குறைக்கு, அதே மிட்டாயின் பெரிய வடிவத்தில் இல்லாத பொருள் குட்டி வடிவத்தில் சேர்ந்திருப்பதும் உண்டு. இருட்டில் ஓடுகிற நான்கு வயதுக் குழந்தையின் பையை யார் சோதிப்பது?

2012-இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய பழக்கம் இது. 2014-இல் நாடு தழுவிய இயக்கமானது.

ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் வளையல் எதுவும் தரலாம். என் ஓட்டு வளையலுக்கு: இருட்டில் வண்டி ஓட்டுபவருக்கும் குழந்தை தெரியும். அப்புறம், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குட்டிப் பந்து வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இந்தப் பூசணி வைத்தால் மிட்டாயே தரக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துத் தரலாம்.