ட்வென்டிநைன் பாம்ஸில் தங்கி ஒரு நாள் நடை போக எந்தப் பாதை நல்லது?

கலிபோர்னியாவின் இந்தச் சிற்றூர் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் வாசலிலேயே இருக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஃபார்ட்டிநைன் பாம்ஸ் சோலை, ரயன் மலை இரண்டுமே போய்வர 3 மைல்தான். ஆனால் ரயன் மலையில் சுமார் 1,050 அடி ஏற வேண்டும், மூச்சு வாங்கும்.

ஒரே ஒரு நடைதான் என்றால் நான் சோலையைத்தான் சொல்வேன். முதலில் 300 அடி ஏற்றம், மேட்டைத் தாண்டினால் இறக்கம். வறண்ட பாறைகளுக்கு நடுவே திடீரென்று விசிறிப்பனைகள்! காய்ந்த ஓலைகள் உதிராமல் பாவாடை மாதிரி அடிமரத்தைச் சுற்றித் தொங்கும்; நம்மூர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஒன்று, திரும்பும்போது அதே 300 அடியை மறுபடி ஏற வேண்டும். பாதையில் நிழலே கிடையாது. கோடையில் இதை மூடுவதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

குழந்தைகள் கூட வந்தால் ஹிடன் வேலி, 1 மைல் சுற்று, போதும்.

அப்புறம் தண்ணீர். பூங்காவின் உட்பகுதியில் கிடைக்காது. ஊரிலேயே ஆளுக்கு 4 லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. கோடையில்தான் போக முடியும் என்றால் விடிந்ததும் கிளம்பி ஒன்பது மணிக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள்.