பாயிண்டை எங்கே போடுவது? ஃபேன்டஸி ஆர்பிஜி ஸ்டாட்களும் திரையும்: கேள்வி பதில்

அண்ணா, எல்டன் ரிங்ல விகரை எதுவரைக்கும் ஏத்தணும்? ஒருத்தர் 40ங்கறார், இன்னொருத்தர் 60ங்கறார்.

ரெண்டும் சரிதான் தம்பி. ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே ஆடும் வீடியோ கேம். ஸ்டாட் என்றால் அந்தப் பாத்திரத்தின் பலத்தைக் காட்டும் எண், விகர் உயிரின் அளவுக்கான ஸ்டாட். விகர் 40ல் உயிர் 1,450. 60ல் 1,900. இருபது பாயிண்டுக்கு 450 கிடைக்கிறது. அதற்கு மேல் 99 வரை முப்பத்தொன்பது பாயிண்டைக் கொட்டினாலும் வருவது வெறும் 200. முதல் பாதிக்கு 40 போதும். பாஸ்கள் (பெரிய எதிரிகள்) ஒரே காம்போவில் (தொடர் அடியில்) ஆளைக் காலி பண்ண ஆரம்பித்ததும் 60க்குப் போய்விடுங்கள்.

இந்தச் சரிவு எங்கே தொடங்குகிறது என்று விளையாட்டு வாய் திறப்பதில்லை. ஆனால் லெவல் ஏற்றும் திரையில், கையில் ரூன் (லெவல் ஏற்றச் செலவழிப்பது) இருக்கிற அளவுக்குப் பாயிண்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, உறுதி செய்யாமலே வெளியே வந்துவிடலாம். யாரிடமும் கேட்காமல் ஸ்டாட்டைப் படிக்க அதுதான் வழி.

பால்டர்ஸ் கேட் 3ல் எனக்கு ஸ்ட்ரெங்த் 15, நண்பனுக்கு 14. ரெண்டு பேருக்கும் ஒரே போனஸ்தான் வருது. இது நிரல் பிழையா (பக்)?

பக் இல்லை. அந்த விளையாட்டு பின்பற்றும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் கணக்கு அது. பத்தைக் கழித்து, பாதியாக்கி, மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். 14க்கும் +2, 15க்கும் +2, 16க்குத்தான் +3. தொடக்கத்தில் தரும் 27 பாயிண்டில் 14லிருந்து 15க்குப் போக இரண்டு செலவு. கூடுதலாகக் கிடைக்கும் +2, +1 வைத்து அதை இரட்டைப்படைக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்தக் காசு தண்டம். ஏற்கெனவே தண்டமாகிவிட்டதா? முகாமில் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றித் தருவார்.

டயாப்லோ 2ல எனர்ஜிக்கு யாருமே பாயிண்ட் போடறதில்லையே, ஏன் ப்ரோ?

லெவலுக்கு ஐந்து பாயிண்ட். கவசம் மாட்டுமளவு ஸ்ட்ரெங்த், தேவைக்கு டெக்ஸ்டெரிட்டி (லாகவம்), மீதி முழுக்க உயிரைக் கூட்டும் வைட்டாலிட்டி. எனர்ஜி கூட்டுவது மானாவை, அதாவது மந்திர சக்தியை; அது பொருளிலிருந்தும் மருந்திலிருந்தும் வந்துவிடுகிறது. எனர்ஜி ஷீல்டை (அடியை மானாவில் தாங்கும் மந்திரக் கேடயம்) நம்பும் சோர்சரஸ் (மந்திரக்காரி) மட்டும் விலக்கு.

புதிதாக வருகிறவன் மந்திரவாதி என்றால் எனர்ஜிதானே என்று போடுவான். திரையும் தடுக்காது. 2000ல் வந்த விளையாட்டில் பாயிண்டைத் திரும்பப் பெறும் வசதி 2010ல், 1.13 பேட்ச் என்ற திருத்தப் பதிப்பில்தான் வந்தது. பத்து வருஷம்! அடுத்த பாகத்தில் ஸ்டாட் தானாகவே ஏறும்படி செய்துவிட்டார்கள். தலைவலிக்குத் தலையையே எடுத்த வைத்தியம் என்பேன்.

சார், நானும் நண்பரும் சின்னதாக ஓர் ஆர்பிஜி செய்கிறோம். ஒன்பது ஸ்டாட் வைத்திருக்கிறோம். அதிகமோ?

எண்ணிக்கையை விடுங்கள், எல்டன் ரிங்கில் எட்டு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாட்டையும் குறைந்தது இரண்டு வகை ஆட்டக்காரர்களாவது விரும்ப வேண்டும், எல்லோருக்கும் கட்டாயமாகிவிடவும் கூடாது. இதைச் செய்து பார்த்தவர்கள் பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி (2015) குழுவினர். அதில் மைட் (வலிமை) ஒரு பாயிண்டுக்கு 3 சதவீதம் டேமேஜ் தரும், வாளுக்கும் மந்திரத்துக்கும் ஒன்றுபோல. இன்டலெக்ட் (அறிவு) திறன்களின் பரப்பளவைக் கூட்டும். அதனால் சுற்றியிருப்பவர்களையும் சேர்த்து அடிக்கும் பார்பேரியன் என்ற முரட்டு வீரனுக்கு அறிவு தேவைப்பட்டது! மந்திரவாதி பயில்வானாவதா என்று சண்டை போட்டார்கள். போடட்டும். எதை வெட்டுவது என்று ஆட்டக்காரனைத் தவிக்க வைத்ததே, அதுதான் வெற்றி. அவர்களும் ஒரே முறையில் சாதிக்கவில்லை, பெர்செப்ஷனுக்கு (கூர்நோக்கு) மவுசு வர 2.0 பேட்ச்சில் அக்யுரசியை (குறி தப்பாமை) அதில் சேர்க்க வேண்டியிருந்தது.

உங்கள் ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி, எதிரே "இதை ஏற்றினால் சண்டையில் கண்ணுக்கு என்ன தெரியும்?" என்று நிரப்புங்கள். காலியாக நிற்பதை இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள். டூல்டிப்பில் (சுட்டியை மேலே வைத்தால் வரும் குறிப்பில்) ஒரு வரியில் சொல்ல முடியாத ஸ்டாட்டுக்கும் அதே கதிதான்.

ஸ்கைரிம்ல ஸ்டாட்டை எடுத்தது மட்டமாக்கும் வேலையா?

இல்லை. ஸ்கைரிமுக்கு முந்தைய பாகமான ஆப்லிவியனில் +5 போனஸ் கிடைக்க எந்தத் திறன் எத்தனை முறை ஏறியது என்று பேப்பரில் குறித்துக்கொண்டு ஆடினோம். கவனக்குறைவாக லெவல் ஏறினால் எதிரிகள்தான் பலசாலியாவார்கள். ஸ்கைரிமில் உயிர், மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (தெம்பு) மூன்றில் ஒன்றுக்கு 10, முடிந்தது. அதில் எனக்குக் குறை இன்வென்டரியில்தான், அதாவது கைவசப் பொருள்களின் பட்டியலில். எடையையும் விலையையும் ஒரே பார்வையில் ஒப்பிடமுடியாத பட்டியல் அது. பிசியில் ஆடுபவர்கள் ஸ்கையுஐ மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) போட்டுக்கொள்வதே அதற்காகத்தான்.

எங்கள் விளையாட்டில் மெனுவைத் தமிழில் வைக்கிறோம். 'கொ' எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது!

எழுத்துரு மேல் பழி போடாதீர்கள், எழுத்துகளைக் கோக்கும் வேலையை எஞ்சின் (விளையாட்டை உருவாக்கும் மென்பொருள்) செய்யவில்லை. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இந்தச் சிக்கல் உண்டு. கோடோ 4 எஞ்சினில், எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் சரியாக வரும், கோடோ 3ல் வராது. எஞ்சினை மாற்ற முடியாவிட்டால், மாறாத தலைப்புகளைப் படமாகவே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ்ச்சொல் அடங்காது. பெயருக்கு முழு வரி கொடுத்து எண்ணை வலப்பக்கம் தள்ளுங்கள். எழுத்தைச் சின்னதாக்கி மட்டும் சமாளிக்காதீர்கள், ஃபோனில் ஒற்றுப்புள்ளியே தெரியாது.